ஆட்டின் இடது காது

தென்னாப்பிரிக்காவின் கரீபோஸ் ஊரில் மீக்கி ஸ்லிங்கர்ஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவள் கையைப் பற்றித்தான் சொல்வார்கள். அவள் மாட்டிய கீல் கிறீச்சிடாது. அவள் முடுக்கிய திருகு தளராது. ஒரு ஈஸ்டர் அன்று தேவாலயத்தின் ஒலிபெருக்கி ஊமையாகிப் போனபோது, பாதிரியார் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்து, "மீக்கி எங்கம்மா இருக்கா?" என்று கேட்டுவிட்டார். பாடகர் வரிசையிலிருந்து எழுந்து வந்த மீக்கி, செருப்பைக் கழற்றி, குதிகால் பக்கமாகப் பெட்டியின் மண்டையில் ஒரு போடு போட்டாள். "...ஆமென்" என்று ஊரே அதிரும்படி வந்தது குரல். அன்று காணிக்கைத் தட்டில் விழுந்ததில் பாதி அவளுக்குத்தான் சேர வேண்டும் என்று அவள் புருஷன் ஃப்ளோரிஸ் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அவள் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள். அப்பா வேலி போடுகிறவர், அம்மா கத்தரித்த கம்பளியைத் தரம் பிரிக்கிறவள். பத்தொன்பது வயதில், வறண்ட சமவெளியில் பெரிய பெரிய வெள்ளைக் கிண்ணங்களை நட ஆரம்பித்தபோது, கம்பிச் சுருள் தூக்குகிற வேலைக்குப் போனாள். தூக்கிக்கொண்டே கவனித்தாள். கவனித்துக்கொண்டே கேள்வி கேட்டாள். பதில் சொல்லிச் சலித்துப்போன பொறியாளர் ஒருவர் அவளைப் பயிற்சிக்கு அனுப்பிவைத்தார். திரும்பி வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அறுபது கிண்ணங்களையும் அவளுக்குக் குணத்தோடு தெரியும். பதினேழாம் எண் காற்றடித்தால் முனகும். முப்பத்தொன்றின் ஏணியில் வருஷா வருஷம் குளவி கூடு கட்டும். ஐம்பத்தாறு திரும்பும்போது கிழவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது போல ஒரு சத்தம் வரும்.

கிண்ணங்கள் ரேடியோ தொலைநோக்கிகள்; வானத்தைக் கேட்கின்றன. வானத்தைக் கேட்கிற இடத்தில் பூமி சத்தம் போடக் கூடாது. அதனால் அந்தப் பக்கம் கைபேசி கிடையாது, நுண்ணலை அடுப்பு கிடையாது, பெட்ரோல் வண்டிகூடக் கிடையாது. பெட்ரோல் இயந்திரம் பொறி வைத்து எரிகிறதல்லவா, அந்தப் பொறி கிண்ணத்தின் காதில் இடி மாதிரி விழும். டீசல் வண்டிக்குத்தான் அனுமதி. ஃப்ளோரிஸிடம் இருப்பது பெட்ரோல் வண்டி. வேலியின் இரண்டாவது வாசலைத் தாண்டி அவன் ஒரு நாளும் போனதில்லை. "பொண்டாட்டி எங்க வேல பாக்குறானு கேட்டா, வேலிக்கு அந்தப் பக்கம்னுதான் சொல்ல முடியுது. ஜெயில்ல இருக்கிறவ மாதிரி" என்பான்.

ஒரு தடவை, அங்கே அப்படி என்னதான் கேட்கிறீர்கள் என்று அவன் கேட்டபோது, மீக்கி ஒரு கயிற்றை எடுத்து வேலிக்கம்பத்தில் கட்டினாள். மறுமுனையைப் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினாள். கயிற்றில் பாம்பு ஓடியது. பிறகு பக்கவாட்டில் ஆட்டினாள்.

"பாரு, ரெண்டும் அலைதான். ஒண்ணு நின்னுகிட்டு ஆடுது, ஒண்ணு படுத்துகிட்டு ஆடுது. வானத்துலேந்து வர்ற அலையும் இப்படித்தான். முக்காவாசி கன்னாபின்னானு எல்லாப் பக்கமும் ஆடிகிட்டு வரும். சிலது மட்டும் ஒரே சாய்வுல ஆடும்."

"யாரு ஆட்டுறது?"

"காந்தம். சில விண்மீன் மண்டலத்துக்கு நடுவுல ஒரு ராட்சசக் கருந்துளை உக்காந்திருக்கும். அகப்பட்டதெல்லாம் வாயில போட்டுக்கும். போட்டுக்கிட்டு, மிச்சத்த ரெண்டு பக்கமும் பீச்சியடிக்கும், லட்சம் ஒளிவருஷ தூரத்துக்கு. அந்தப் பீச்சல்ல காந்தப்புலம் எந்தப் பக்கமா ஓடுதோ, அதுக்கு ஏத்த சாய்வுல அலை வரும். அலை சாஞ்சிருக்கிறத அளந்தா, அங்க காந்தம் எப்படி ஓடுதுனு இங்கேந்தே சொல்லிடலாம்."

ஃப்ளோரிஸ் கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தான். "உங்கம்மாவும் சாப்பிட்டு முடிச்சதும் இப்படித்தான் ரெண்டு பக்கமும் பீச்சியடிப்பா" என்றான். கயிறு அவன் முதுகில் ஒரு தடவை ஆடியது. அது எந்தச் சாய்வு என்று யாரும் அளக்கவில்லை.

ஆய்வாளர்கள் இதைத் தளவிளைவு என்பார்கள். மீக்கியின் குழுவில் வெறும் சாய்வு. ஒவ்வொரு கிண்ணத்தின் வாய்க்கு எதிரிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு சின்னக் கம்பிகள். ஒன்று நின்ற ஆட்டத்தைக் கேட்கும், மற்றது படுத்த ஆட்டத்தைக் கேட்கும். குழுவில் எல்லோரும் ஆட்டுக்காரர்கள் ஆனதால், நின்ற கம்பிக்குக் கிடா என்றும் படுத்த கம்பிக்குப் பெட்டை என்றும் பெயர். கிடாவிலிருந்து ஒரு வடம், பெட்டையிலிருந்து ஒரு வடம். இரண்டும் கேட்டதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் சாய்வு கிடைக்கும்.

இந்த ஆகஸ்ட் மாதத்தில் மீக்கிக்கு முப்பத்தேழு வயது. குழுத் தலைவர் ஓய்வு பெற்றுப் போய் நாலு மாதமாக அவள்தான் பொறுப்பைப் பார்த்துவந்தாள். அந்த இடத்தில் இதுவரை உட்கார்ந்தவர்கள் எல்லோரும் நகரத்துப் பட்டதாரிகள். மாதக் கடைசியில் நியமனக் கடிதம் வரும் என்று மேலாளர் ஹௌகார்ட் சொல்லியிருந்தார். ஊரே அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தது. தபால்காரி வேறு எந்தக் கடிதத்தை எடுத்து வந்தாலும், "இது இல்லடி" என்று தூரத்திலேயே கையை ஆட்டிவிடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலக மேசைத் தொலைபேசி அடித்தது. கேப் டவுனிலிருந்து டாக்டர் ஸொலேக்கா ந்ட்ஷிங்கா. முப்பத்தோரு வயது, கெட்டிக்காரி, கணக்கில் புலி. மீக்கியை எப்போதும் 'சிசி' என்றுதான் கூப்பிடுவாள். அவள் தாய்மொழியில் அது அக்கா.

"சிசி, ஒரு விஷயம். கோவிச்சுக்கக் கூடாது."

"அது நீங்க என்ன சொல்றீங்கங்கிறதப் பொறுத்தது, டாக்டர்."

"வானத்துல ஒரு ரேடியோ மூலம் இருக்கு. பல வருஷமா அதோட சாய்வு மாறவே இல்ல. முப்பத்து மூணு பாகை. எங்க கடிகாரத்த அத வெச்சுத்தான் சரிபார்ப்போம்னு வெச்சுக்கோங்க. மத்த கிண்ணமெல்லாம் முப்பத்து மூணுங்குது. நாப்பத்தொம்பதுலேந்து அறுபது வரைக்கும் பன்னெண்டு கிண்ணம் மட்டும் அம்பத்தேழுங்குது."

"அதனால?"

"ரெண்டையும் கூட்டுங்க. தொண்ணூறு வருதா? நின்ன கம்பியும் படுத்த கம்பியும் இடம் மாறினாத்தான் அப்படி வரும். மூணு வாரத்துக்கு முன்னாடி அந்தப் பன்னெண்டுலயும் புது வடம் மாட்டினது யாரு?"

"நான்தான்" என்றாள் மீக்கி. "அதனாலதான் சொல்றேன், மாறியிருக்காது."

சொன்னாளே தவிர, ஃபோனை வைத்த கையோடு கிளம்பிவிட்டாள். கூட, குழுவின் மூத்த ஆள் ஊம் ஜாஃப்தா. ஊம் என்றால் அங்கே பெரியப்பா, மாமா, அண்ணாச்சி எல்லாம் ஒன்றாக. ஐம்பத்தெட்டு வயது, வாய்க்கு வயது இருபது. ஐம்பத்தாறாம் கிண்ணத்தின் ஏணியில் ஏறி, மீக்கி பெட்டியின் கதவைத் திறந்தாள். எதிரே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு துளைகள். பழைய வடங்களில் சிவப்பு வளையம், நீல வளையம் என்று அடையாளம் இருந்தது. புதிதாக வந்தவை இரண்டும் கன்னங்கரேல்; எது எது என்று கம்பியிலிருந்து தொட்டுக்கொண்டே வந்துதான் பார்க்க வேண்டும். அதோடு வந்த ஒற்றைத் தாளில் ஒரு படம், வெறும் சதுரம்; அதன் கீழே எழுத்தில்: இடப் பக்கத் துளையில் பெட்டை, வலப் பக்கத் துளையில் கிடா. மாட்டிய பிறகு கீழேயிருந்து சோதனை செய்வார்கள்: கேட்கிறதா, கேட்கிறது. அவ்வளவுதான். இடம் மாறியிருந்தாலும் இரண்டு கம்பிக்கும் காது கேட்கத்தான் செய்யும்.

மீக்கி தாளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "ஊம் ஜாஃப்தா, எடதுல என்ன இருக்கு?"

"பெட்டை."

"வலதுல?"

"கிடா. வேற என்ன இருக்கும்? மூணாவதா ஒண்ணு இருந்தா நான் ஏற்கெனவே அடிச்சு சமைச்சிருப்பேன்."

பன்னிரண்டிலும் ஏறிப் பார்த்தார்கள். இரண்டு நாள் ஆனது. பன்னிரண்டிலும் இடதில் பெட்டை, வலதில் கிடா. மீக்கி தொலைபேசியில் சொன்னாள். ஸொலேக்கா அங்கே அதே படத்தை விரித்து வைத்திருந்தாள். "இடதுல படுத்ததா? அப்ப சரியாத்தான் இருக்கு. ஆனா சரியா இருக்க முடியாதே, சிசி!"

"ஒங்க கணக்கக் கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பாருங்க, டாக்டர். எங்கயாவது துருப்பிடிச்சிருக்கும்."

வெள்ளிக்கிழமை ஸொலேக்கா நேரிலேயே வந்துவிட்டாள். எட்டு மணி நேரம் தானே வண்டியோட்டி வந்து இரண்டாவது வாசலில் மாட்டிக்கொண்டாள். பெட்ரோல் வண்டி. கைபேசியையும் கடிகாரத்தையும் பிடுங்கிக்கொண்டு, சரக்கு லாரியின் பின்னால் ஏற்றி விட்டார்கள். தூசியில் குளித்து, இமையெல்லாம் செம்மண்ணாக வந்து இறங்கினாள். கிண்ணத்தில் ஏற அவளிடம் உயரச் சான்றிதழ் கிடையாது. படக்கருவி கொண்டுபோக அனுமதிச் சீட்டு வாங்கப் பதினைந்து நாள் ஆகும். ஏணியின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பதோடு சரி.

"சிசி, நான் சண்ட போட வரல" என்றாள். "அந்தப் பன்னெண்டும் ரொம்பத் தள்ளி நிக்கிற கிண்ணம். அது இல்லேன்னா படம் மங்கிடும். நான் பாத்துகிட்டிருக்கிற மண்டலம் ஒண்ணு சரியா இந்த மூணு வாரமாத்தான் திடீர்னு பொங்குது. அதோட காந்தம் திரும்பிகிட்டிருக்கு. அது மறுபடி பொங்குறதுக்குள்ள எனக்குக் கல்யாணமாகிப் பேரன் பொறந்துடுவான்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

அவள் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். வடங்கள் மாறியிருந்தன என்று மாட்டியவரே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். பதிவான மூன்று வார அளவுகளையும் கணினியிலேயே நேராக்கிக்கொள்ளலாம். கையெழுத்து இல்லாவிட்டால் பன்னிரண்டு கிண்ணத்தின் அளவுகளும் குப்பைக்குப் போகும். செவ்வாய் கடைசி நாள்.

மீக்கி படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "என் கண்ணால பாத்தத இல்லனு எழுதச் சொல்றீங்க."

"நான் பாத்ததையும்தான் நீங்க இல்லங்கறீங்க."

படிவத்தில் கையெழுத்துப் போட்டால் கடிதம் வராது என்பது மீக்கிக்குத் தெரியும். பன்னிரண்டு கிண்ணத்தைத் தலைகீழாக மாட்டியவளை யார் தலைவியாக்குவார்கள்? ஆனால் அதற்காக மட்டும் அவள் மறுக்கவில்லை. அவள் மாட்டினால் மாட்டினதுதான். அது பொய்யானால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

ஊரிலிருந்த ஒரே விடுதியில் பள்ளி விளையாட்டு விழாவுக்கு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். ஸொலேக்கா லாரி ஓட்டுநரிடம் அடுத்த ஊருக்கு வழி விசாரித்துக்கொண்டிருந்தாள். மீக்கி போய் அவள் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"எங்க வீட்டுக்கு. சண்ட சண்டதான், சோறு சோறுதான். ஆட்டு ஈரல் சாப்பிடுவீங்கல்ல?"

"சாப்பிடுவேன். ஆனா நீங்க இன்னும் எங்கிட்ட மன்னிப்புக் கேக்கல."

"ஈரல் வேகட்டும், பாக்கலாம்" என்றாள் மீக்கி.

மறுநாள் சனிக்கிழமை. ஊர்ப் பொது மேய்ச்சலில் ஃப்ளோரிஸுக்கு நாற்பது ஆடு. அன்று குட்டிகளின் காதில் அடையாள வில்லை மாட்டுகிற நாள். அங்கே ஆகஸ்ட் குளிர்காலம்; எல்லோரும் கம்பளித் தொப்பி போட்டிருந்தார்கள். தணலில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கொழுப்புச் சவ்வில் சுற்றிய ஈரல் உருண்டைகள் நெய் சொட்டச் சொட்டப் பொரிந்தன. ஊம் ஜாஃப்தா ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, குட்டிகளை ஒவ்வொன்றாக மடியில் வாங்கி இறுக்கிப் பிடித்துக்கொடுத்தார். ஃப்ளோரிஸ் வில்லை அடிக்கும் இடுக்கியோடு சுற்றிவந்தான். பெட்டைக்கு இடது காது, கிடாவுக்கு வலது காது. அந்தப் பக்கத்தில் யாரும் ஆட்டைப் பிடித்துப் புரட்டிப் பார்ப்பதில்லை. தூரத்திலிருந்தே காதைப் பார்த்தால் போதும். இறைச்சிச் சந்தை லாரி வரும்போது வலது காது எல்லாம் ஏறும், இடது காது எல்லாம் தங்கும்.

ஸொலேக்கா ரொட்டியைக் கடித்துக்கொண்டே வேடிக்கை பார்த்தாள். "நான் ஒண்ணு அடிச்சுப் பாக்கட்டுமா?"

"தாராளமா" என்றான் ஃப்ளோரிஸ். "டாக்டர் கைன்னா வலிக்காது. ஊம், ஒரு பெட்டையாப் பாத்துக் குடுங்க. டாக்டர், பெட்டைக்கு எடது காது. ஒரே அமுக்கு. யோசிச்சு யோசிச்சு அமுக்கினா அதுக்கும் வலிக்கும், ஒங்களுக்கும் வலிக்கும்."

ஊம் ஜாஃப்தா மடியில் வெள்ளைக் குட்டி ஒன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கறுத்த தலை, பெரிய கண். ஸொலேக்கா அதற்கு நேர் எதிரே குந்தி உட்கார்ந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, இடுக்கியை நீட்டி, ஒரே அமுக்கு. க்ளிக்.

ஊம் ஜாஃப்தா வாளியோடு சேர்ந்து குலுங்கினார். "போச்சு! ஃப்ளோரிஸ், ஒம் பெட்டை கிடாவா மாறிடுச்சுய்யா! தலையில தண்ணி தெளிச்சுப் பேர் வெச்சுடு, டேவிட்டுனு!"

"என்ன, என்ன பண்ணினேன்?" ஸொலேக்கா திருதிருவென்று விழித்தாள். "எடதுனுதானே சொன்னீங்க? இதுதானே எடது?" தன் இடது கைப் பக்கம் இருந்த காதைத் தொட்டுக் காட்டினாள்.

"அது ஒங்களுக்கு எடதும்மா. ஆட்டுக்கு அது வலது."

"நான் இங்கேந்துதானே பாக்குறேன்?"

"காது யாருது? ஒங்களதா, ஆட்டோடதா?" என்றான் ஃப்ளோரிஸ். "காதுக்குச் சொந்தக்காரர் எந்தப் பக்கம்னு சொல்றாரோ அந்தப் பக்கம்தான். வண்டிக்கு எடது வெளக்குன்னா வண்டியோட எடது. விமானத்துக்கு எடது இறக்கைன்னா விமானத்தோட எடது. இதுகூடவா ஒங்க பல்கலைக்கழகத்துல சொல்லித் தரல? எத்தன வருஷம் படிச்சீங்க?"

"இருபத்திரண்டு."

"அடப்பாவமே."

ஸொலேக்காவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். குட்டி மட்டும்தான் சிரிக்கவில்லை. குட்டியும் மீக்கியும்.

மீக்கி கையில் ஈரல் உருண்டை இருந்தது. அதை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. எதிரே குட்டியின் முகம். முகத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு காது. கதவைத் திறந்தால் பெட்டிக்கும் அப்படித்தானே ஒரு முகம், இரண்டு பக்கமும் இரண்டு துளை. பன்னிரண்டு தடவை அவள் பெட்டிக்கு எதிரே நின்றிருக்கிறாள். பன்னிரண்டு தடவையும் பெட்டியின் இடது காது எது என்று பார்த்து, அதில் பெட்டையை மாட்டியிருக்கிறாள். ஊம் ஜாஃப்தாவும் அப்படியேதான் பார்த்து, அப்படியேதான் தலையாட்டினார். அந்தப் படத்தை வரைந்தவன் நகரத்தில் மேசை முன்னால் உட்கார்ந்திருப்பவன். தாளில் எந்தப் பக்கம் இடதோ அதுதான் அவனுக்கு இடது. அவன் வாழ்க்கையில் ஒரு ஆட்டுக் காதைப் பிடித்திருக்க மாட்டான்.

எத்தனை தடவை ஏறிப் பார்த்திருந்தாலும் அவளுக்குச் சரியாகத்தான் தெரிந்திருக்கும். நூறு தடவை ஏறியிருந்தாலும்.

உருண்டையை நாய்க்குப் போட்டுவிட்டு, வேலிப் பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஃப்ளோரிஸ் இடுக்கியோடு வந்தான். ஈரலை நாய்க்குப் போடுகிறவள் அல்ல அவள்.

"என்னடி?"

"பன்னெண்டும் நான்தான் மாத்தி மாட்டியிருக்கேன். ஆட்டப் பாக்குற மாதிரி பெட்டியப் பாத்துட்டேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கடிதம் ஞாபகம் வந்து சிரிப்பு போய்விட்டது. திரும்பிப் பார்த்தான். ஸொலேக்கா அங்கே அடுத்த குட்டிக்காகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு" என்றான் குரலைத் தணித்து. "திங்கக்கெழம மேல ஏறு. சத்தமில்லாம பன்னெண்டையும் மாத்திடு. செவ்வாக்கெழமலேந்து எல்லாம் சரியா வரும். யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"நீ யாருகிட்ட சொல்லப் போற?"

"அந்தப் பொண்ணோட மூணு வாரம் குப்பைக்குப் போயிடும், ஃப்ளோரிஸ். அது நூறு கோடி வருஷமா நடந்து வந்த சேதி. நம்ம வாசல் வரைக்கும் வந்து நிக்குது. கையெழுத்துப் போட எனக்கு மனசு வரலனு திருப்பி அனுப்பவா?" தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அதோட, நம்ம ஜனம் எல்லாத்துக்கும் இப்படித்தான் எடது பாக்கும். நான் சொல்லலேன்னா, அடுத்த தடவ ஊம் ஜாஃப்தா மாட்டுவாரு. அதுக்கப்புறம் அவரு மருமகன்."

ஃப்ளோரிஸ் இடுக்கியைத் திறந்து திறந்து மூடினான். "தலைவியானா டீசல் வண்டி குடுப்பாங்கனு நெனச்சேன்" என்றான் கடைசியில். "ஒரு தடவையாவது அந்தக் கிண்ணத்தக் கிட்டப் போயிப் பாக்கலாம்னு."

"பெட்ரோல் வண்டிக்காரனுக்கு ஆசையப் பாரு" என்று அவன் தொப்பியைக் கண் மேல் இழுத்துவிட்டு எழுந்தாள்.

வெள்ளைக் குட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நேராக ஸொலேக்காவின் முன்னால் போய் நின்றாள்.

"டாக்டர், அந்தப் படிவம் கையில இருக்கா?"

"இருக்கு. ஏன் சிசி?"

"ஒங்க கணக்குல துரு இல்ல. எங்கிட்டதான்." குட்டியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இதான் பெட்டி. சொல்லுங்க, இதுல எடது எது?"

ஸொலேக்கா குட்டியைப் பார்த்தாள், காதுவில்லையைப் பார்த்தாள், மீக்கியைப் பார்த்தாள். அவள் கை மெதுவாக வாயைப் பொத்திக்கொண்டது. கெக்கலி கொட்டுவாள் என்று மீக்கி எதிர்பார்த்தாள். அவளோ பொத்திய கைக்குப் பின்னாலிருந்து, "நாங்களும் இப்படித்தான்" என்றாள்.

"என்ன?"

"சத்தியமா, சிசி. அலை சில சமயம் சுழிச்சுகிட்டே வரும். அது வலமாச் சுத்துதா இடமாச் சுத்துதானு, அலை வர்ற பக்கத்துலேந்து பாத்துச் சொல்றவங்க ஒரு கூட்டம். வாங்குற பக்கத்துலேந்து பாத்துச் சொல்றவங்க இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் பெரிய பெரிய படிப்பு. ஒருத்தர் எழுதின கட்டுரைய இன்னொருத்தர் படிக்கும்போது, மொதல்ல இவரு எந்தக் கூட்டம்னு தேடணும். பல வருஷமா இந்தச் சண்ட ஓடுது, இன்னும் தீரல."

"அவங்களுக்கு ஒரு ஆட்ட அனுப்பிவைக்கலாம்" என்றார் வாளியிலிருந்து ஊம் ஜாஃப்தா.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'படம் தெளிவில்லை' என்று எழுதிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றாள் ஸொலேக்கா. படம் தெளிவில்லைதான், அதுவும் உண்மைதான் என்று மீக்கி ஒப்புக்கொண்டாள். ஆனால் அது பாதிதான். பேனாவை வாங்கி, குட்டியின் முதுகையே மேசையாக்கிக்கொண்டு தன் கையாலேயே எழுதினாள்: 'எந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று படத்தில் இல்லை. நான் பெட்டிக்கு இடது எதுவோ அதையே இடது என்று, ஆட்டைப் பார்ப்பது போலப் பார்த்தேன். பன்னிரண்டு கிண்ணங்களிலும் ஒரே மாதிரி மாட்டினேன். சரிபார்த்தபோதும் அப்படியே பார்த்தேன்.' கீழே தேதி, கிண்ண எண்கள், கையெழுத்து. குட்டி நெளிந்ததில் ஸ்லிங்கர்ஸ் என்ற பெயரின் கடைசி எழுத்து வாலாட்டியது.

திங்கட்கிழமை ஹௌகார்ட் படிவத்தை இரண்டு தடவை படித்தார். சிரிக்கத் தெரியாத மனிதர் என்று பெயர். "ஆடா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாங்க" என்றாள் மீக்கி. "மொதல்ல பன்னெண்டையும் சரி பண்ணு. கடிதம் இப்ப வராது" என்றார்.

அன்றும் மறுநாளும் மீக்கியும் ஊம் ஜாஃப்தாவும் ஏணியில் இருந்தார்கள். புதன்கிழமை மதியம் மேசைத் தொலைபேசி அடித்தது. "முப்பத்து மூணு, சிசி!" என்று ஒரு கூச்சல். "பழைய மூணு வாரமும் நேராயிடுச்சு! மண்டலம் அழகாத் தெரியுது. பீச்சலோட அடியில காந்தம் திரும்பியிருக்கு, மெதுவா, தூங்குறவன் பொரண்டு படுக்கிற மாதிரி. பன்னெண்டு இல்லேன்னா தெரிஞ்சிருக்கவே தெரிஞ்சிருக்காது." மீக்கி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் வாசலில் நின்று, தூரத்தில் வரிசையாகத் தலை சாய்த்திருந்த கிண்ணங்களைப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கடிதத்தை நினைக்காத வரையில்.

தபால்காரி கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள். ஊரில் பிள்ளைகள் மீக்கியைப் பார்த்து "மே" என்றார்கள். அவளும் திருப்பி "மே" என்றாள்.

அக்டோபரில், கம்பளி கத்தரித்து முடித்த வாரம், ஹௌகார்ட் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு தடித்த கோப்பு.

"ஆறு வருஷக் கோளாறுப் படிவம்" என்றார். "நாப்பத்து மூணு இருக்கு. காரணங்கிற கட்டத்துல என்ன எழுதியிருக்குனு படி."

மீக்கி புரட்டினாள். காரணம் தெரியவில்லை. காரணம் தெரியவில்லை. காற்று. காரணம் தெரியவில்லை. கடைசியில் அவளுடையது. ஓரத்தில் ஆட்டுப் புழுக்கைக் கறை.

"நாப்பத்து ரெண்ட வெச்சுகிட்டு ஒரு எழவும் பண்ண முடியல. இந்த ஒண்ண வெச்சு மூணு வாரத்தக் காப்பாத்தியாச்சு." ஒரு உறையை அவள் பக்கம் தள்ளினார். "இதுக்கு மேலேந்து ஒப்புதல் வாங்கத்தான் ரெண்டு மாசம். ஆட்டப் பத்தி விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது."

உறையைப் பிரிக்கும்போது ஊரிலேயே நிதானமான அந்தக் கை ஒரு பக்கமாகக் கிழித்துவிட்டது. உள்ளே இருந்த தாளும் கொஞ்சம் கிழிந்தது. அதற்கென்ன, பெயர் முழுசாக இருந்தது.

தலைவியாக அவள் போட்ட முதல் உத்தரவு: அறுபது பெட்டிகளின் கதவுக்கு உட்புறத்திலும் ஒரு ஆட்டுத் தலை வரைய வேண்டும். நேராகப் பார்க்கிற ஆடு. ஒரு காதில் பெட்டை என்று, மறுகாதில் கிடா என்று எழுதியிருக்க வேண்டும். இனி இடதும் வேண்டாம், வலதும் வேண்டாம். படம் வரைந்தது ஊம் ஜாஃப்தா. அறுபது ஆடுகளுக்கும் ஹௌகார்டின் மூக்கு அமைந்துவிட்டது தற்செயல் என்று அவர் சாதிக்கிறார்.

டீசல் வண்டி கொடுத்தார்கள். முதல் சனிக்கிழமையே மீக்கி விருந்தினர் அனுமதி வாங்கி ஃப்ளோரிஸை ஏற்றிக்கொண்டாள். இரண்டாவது வாசலைத் தாண்டும்போது அவன் தொப்பியைக் கழற்றினான். ஐம்பத்தாறாம் கிண்ணத்தின் அடியில் நின்று வெகு நேரம் அண்ணாந்து பார்த்தான். "இதுவா?" என்றான். "ஊர்லேந்து பாத்தா சின்னதாத் தெரியும்" என்றான். கடைசியில், "இதுக்கு எடது பக்கம் எது?" என்று கேட்டுவிட்டு, அடி விழும் முன்னே வண்டியைச் சுற்றி ஓடினான்.

கறுத்த தலைக் குட்டியின் பெயர் டாக்டர். காதுவில்லையைப் பிடுங்கினால் காது கிழியும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். லாரி வருகிற நாளெல்லாம், தூரத்திலிருந்து வலது காதைப் பார்த்து யாராவது அதைக் கிடாக்களோடு சேர்த்து ஏற்றிவிடுகிறார்கள். மீக்கி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "அது பொண்ணுங்க! அது பொண்ணு!" என்று கத்தி இறக்கிக்கொண்டு போகிறாள். இதுவரை மூன்று தடவை.